குதிகாலும் காணிப்பாக்கம் சத்தியமும்

ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் இளம் பிள்ளைகளோடு டீ குடித்துவிட்டு வருவேன். அவர்கள் கூப்பிட்டுப் போவதில்லை, நானாகத்தான் போகிறேன். என்னை வாசலில் கண்டதும் இரண்டு பேர் அவசரமாக வார்டுக்குள் நுழைந்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மாட்டிக்கொள்கிறவர்கள் எனக்குப் போதும்.

போன தடவை அப்படி மாட்டிய ஒரு பெண், புதிதாக வந்திருக்கும் கேமரா அறையைக் காட்டினாள். குழந்தை இந்தப் பக்கம் நடந்தால் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அதன் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கோடு போடுகிறது. அந்தப் படத்தை எங்கேயோ வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி மதிப்பெண் போடச் சொல்கிறார்கள்.

"முகத்தைக்கூட மறைச்சிடுவோம் மேடம். எந்தக் குழந்தைக்கு எந்த வைத்தியம்னு அளக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்க காலத்துல இதுக்கு என்ன பண்ணீங்க?"

"காணிப்பாக்கம் பிள்ளையாரை வெச்சோம்" என்றேன்.

அவள் சிரித்தாள். கிழவி ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் டீ ஆறிப்போனது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது சித்தூர் ஜில்லா நகரியில். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குடும்பம் என்பதால் நான் ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் நைனா, "டாக்டருக்கா படிக்கப் போற?" என்றார். இல்லை, கைகால் விளங்காதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு என்றேன். "உருவி உடறதுக்கா காலேஜி?" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்ததும், லீவில் வரும்போதெல்லாம் முதுகை உருவிவிடச் சொல்லித் தவறாமல் கேட்டார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. தொண்ணூறுகள். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். சித்தூர் பக்கத்து கிராமங்களிலிருந்து ஆட்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும், கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் குவைத்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் அம்மாக்கள் மட்டும்தான். அப்பா எங்கே என்று கேட்டால் ஏதாவது ஓர் ஊரின் பெயர் வரும்.

வருகிற குழந்தைகளில் பாதிக்கு மேல் மூளை முடக்குவாதம் உள்ளவை. பிறக்கும்போதோ அதற்கு முன்னாலோ மூளையில் பட்ட அடியால் சதைகள் இறுகிப்போயிருக்கும். கெண்டைக்கால் சதை இறுகினால் குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும். குழந்தை நுனிக்காலில் நடக்கும், தள்ளாடும், விழும். அந்தக் குதிகாலைத் தரையில் இறக்குவதுதான் எங்கள் வேலை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். அது இறங்கினால் குழந்தை தானாக நின்று இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம். இறங்காவிட்டால் அம்மாவின் இடுப்பிலேயே வளர வேண்டியதுதான்.

எங்கள் தலைவர் டாக்டர் சுதர்சனம். நல்ல உயரம், நரைத்த மீசை, சீமையில் போய்ப் படித்துவிட்டு வந்தவர். தெலுங்குக்காரர், ஆனாலும் எங்களிடம் தமிழிலேயே பேசுவார். கோபம் வந்தால் தெலுங்குக்கும், ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷுக்கும் போய்விடுவார். அவர் குழந்தையைப் பார்க்கிற விதமே தனி. முதலில் குழந்தையைப் பார்க்கவே மாட்டார். "பழைய செருப்பு ஏதி, எங்க?" என்று கேட்பார். செருப்பின் அடியைத் திருப்பி, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே புதுசாகவே இருக்கிறது என்று ஜோசியக்காரர் கை பார்ப்பதுபோலப் பார்ப்பார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் இறுகிய சதை இன்னும் இறுகும் என்பதற்காக. அதன் பிறகுதான் காலைத் தொடுவார். முழங்காலை நேராக வைத்துப் பாதத்தை மெல்ல மேலே மடக்குவார். அடுத்து அதையே சட்டென்று மடக்குவார். மெல்ல மடக்கும்போது போகும் தூரத்துக்கும், சட்டென்று மடக்கும்போது சதை "வேண்டாம்" என்று பிடித்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது என்பார். இவ்வளவும் நடக்கும்போது குழந்தை அழக் கூடாது. அழுதால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், அளவு பொய்யாகிவிடும். ஆகவே குழந்தையைச் சிரிக்க வைப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கத்தாத பிராணி கிடையாது.

அவர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். இறுகிய காலுக்கு வெறும் பயிற்சி போதுமா, அல்லது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு, அதோடு பயிற்சியும் கொடுத்தால் இன்னும் நன்றாக இறங்குமா என்று பார்க்க வேண்டும். பாதிக் குழந்தைகளுக்குக் கட்டு, மீதிக்கு வெறும் பயிற்சி. யாருக்கு எது என்பதை நாங்கள் முடிவு செய்யக் கூடாது. ஒட்டிய கவர்களிலிருந்து அம்மாவே ஒன்றை எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான், இரண்டாம் தடவை கிடையாது. இதை அம்மாக்களுக்குப் புரியவைக்க டாக்டர் பெரிய சொற்பொழிவே ஆற்றினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வார்டு உதவியாளர் புஜ்ஜம்மா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லமா, கோயில்ல பூக்கட்டிப் பாக்கறோம் இல்ல, அதான் இது" என்றாள். எல்லா அம்மாக்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கவரை எடுத்தார்கள். எனக்கு அது வேண்டாம், இது வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "சீமையில இதுக்கு எவ்வளவு சண்டை போடுவாங்க தெரியுமா?" என்று டாக்டர் பூரித்துப்போனார்.

கட்டும் பயிற்சியும் கீழே ஹாலில். அளக்கிறவள் நான், மாடியில். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம், கட்டுப் போட்ட குழந்தைக்குக் கை தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுமாம். நான் ஹால் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்கென்று தனி மாடிப்படி. கட்டுப் போட்ட தோல் வெளுத்திருக்கும் என்பதால் எல்லாக் குழந்தைகளும் முழங்கால்வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு வர வேண்டும், சாக்ஸை நான் கழற்றவே கூடாது. எனக்கு முன்னால் அளந்துகொண்டிருந்த பையன் ஒருநாள் கழற்றிப் பார்த்துவிட்டான் என்று அவனை ஆராய்ச்சியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ரம்பத்தால் கட்டை அறுத்தால் குழந்தைகள் பயந்து அலறுவதால், அளக்கும் நாளுக்கு முன்தினம் வீட்டிலேயே கட்டோடு காலை வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டு, சாக்ஸ் மாட்டி, நேராக மாடிக்கு வந்துவிட வேண்டும். எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தார்.

அம்மாக்களைத்தான் அவர் யோசிக்கவில்லை. நான் அளக்க உட்கார்ந்த முதல் நாளே, முதல் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்ததும், "மேடம், கட்டு போட்டதுல நைட்டெல்லாம் அரிப்பு, தூங்கவே இல்ல" என்றாள். அடுத்தவள், "எங்களுக்கு மட்டும் கட்டு இல்லன்னுட்டாங்க மேடம், பரவால்ல, சாமி குடுத்தது" என்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஏதோ காதுவலி என்று நினைத்து அடுத்த வாரம் ஒருத்தி பூண்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட பிள்ளைக்குத்தான் எண்ணெய் தடவக் கூடாது, உங்களுக்குத் தடவலாம் என்று விளக்கம் வேறு.

அடுத்து மொட்டை. கட்டைப் பிரித்ததும் குழந்தையின் குதிகால் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்தவர்கள் நேராக மலையேறி, வேண்டிக்கொண்டபடி மொட்டை போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். காலில் சாக்ஸ், தலையில் சந்தனம். சாக்ஸ் எதற்கு? டாக்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் திருமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எல்லாக் குழந்தைகளுக்கும் குரங்குக் குல்லா வந்தது. திருப்பதி வெயிலில் கம்பளிக் குல்லா! ஒரு குழந்தை குல்லாவைக் கழற்றி என் மேல் எறிந்தது. அதை நான் "கையை மேலே தூக்குதல், முழுமை" என்று மதிப்பெண் போட்டுக்கொண்டேன். ஆனால் அதுவும் பலிக்கவில்லை. மொட்டைதான் இந்த ஆஸ்பத்திரியின் உண்மையான வைத்தியம் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, கட்டு இல்லாத பிரிவுக் குழந்தைகளுக்கும் மொட்டை போட்டுவிட்டார்கள். அதன் பிறகு குல்லா தேவைப்படவில்லை.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. அப்போதுதான் புஜ்ஜம்மா தன் ஊர் யோசனையைச் சொன்னாள். அவளுக்கு ஊர் காணிப்பாக்கம். வீட்டுக்காரர் கோயில் வாசலில் தேங்காய்க் கடை வைத்திருந்தார். எங்கள் ஜில்லாவில் வரப்புத் தகராறு, திருட்டுப் பழி எதுவானாலும், "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றியா?" என்று கேட்டால் முடிந்தது. அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

"சார், சாமி படத்த படிக்கட்டுல மாட்டிடறேன். மாடிக்குப் போறவங்க, கட்டப் பத்தி மேடம்கிட்ட வாயத் தொறக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணிட்டுப் போவட்டும்."

டாக்டர் சாமி கும்பிடாதவர். முகத்தைச் சுளித்தார். யோசித்தார். "ட்ரை பண்ணலாம்" என்றார்.

பலன் பயங்கரமாக இருந்தது. மாடியில் ஊசி விழுந்தால் கேட்கும். அம்மாக்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்து, அப்படியே போனார்கள். "சாப்பிட்டாளா?" என்று நான் கேட்டால்கூட அது கட்டு சம்பந்தப்பட்டதா என்று யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். டாக்டர் புஜ்ஜம்மாவுக்குக் கை கொடுத்தார். அவள் அந்தக் கையை நாலு நாள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் பவானி வந்தாள்.

பவானிக்கு ஆறு வயது இருக்கும். சித்தூருக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கிராமம். அம்மா கஸ்தூரி கூலி வேலை. அப்பா ஆறுமுகம் கொத்தனார். குவைத்துக்கு விசா வந்துவிட்டது, கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. முதல் முறை வந்தபோது அவரும் வந்திருந்தார். "போறதுக்குள்ள எம்பொண்ணு குதிகாலு தரையில படறத பாத்துட்டுப் போயிடணும் மேடம், வேற ஒண்ணும் வாணாம்" என்றார். ஒருமுறை போனால் இரண்டு மூன்று வருடம் திரும்ப முடியாது. பவானியோ என்னைவிட வாயாடி. நான் நாய் மாதிரி குரைத்தால், "எங்க ஊரு நாயி அப்பிடி கொலைக்காது" என்று திருத்துவாள்.

அன்று அவள் வாயாடவில்லை. அறையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தானாக நடக்க வேண்டும், அம்மா தொடக் கூடாது. போன தடவை அழகாக நடந்தவள், இப்போது வலது காலைத் தரையில் வைக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள்.

"ஏம்மா, என்னாச்சு?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதா பொண்ணுக்கு? சொல்லும்மா!"

"நா ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். சத்தியம் பண்ணிக்கினு வந்துகிறேன்."

வாசலில் நின்ற புஜ்ஜம்மாவின் முகத்தில் பெருமை பொங்கியது. எனக்கு மஞ்சள் வாசனை அடித்தது. மஞ்சளும் எண்ணெயும். காலுக்கு யாரும் சும்மா மஞ்சள் பூச மாட்டார்கள். குனிந்தேன். சாக்ஸின் குதிகால் பக்கம் ஈரமாக இருந்தது.

சாக்ஸைக் கழற்றினால் வேலை போகும் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். நினைத்துக்கொண்டே கழற்றினேன். குதிகாலுக்குப் பின்னால் தோலே இல்லை. சுற்றிலும் வெந்து கறுத்திருந்தது, ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் போட்ட சத்தத்தில், நகரி சத்தம், கீழே ஹாலிலிருந்து டாக்டர் ஓடி வந்தார்.

தரையில் அப்படியே உட்கார்ந்து பவானியின் காலை மடியில் வைத்துக்கொண்டார். அவசரத்தில்கூட முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். உப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே, "இது கட்டு அழுத்தின புண்ணு இல்ல. ஏதோ பட்டு வெந்திருக்கு. உள்ள நரம்புவரைக்கும் போச்சுன்னா கஷ்டம். என்ன பட்டது? எப்பப் பட்டது? செப்பும்மா" என்றார்.

கஸ்தூரி வாசல் வழியாகப் படிக்கட்டிலிருந்த சாமி படத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

"நான்தானே சத்தியம் பண்ணச் சொன்னேன்? நானே சொல்றேன், வாபஸ்!"

"நீங்க சொன்னா ஆவாது சார். பண்ணது சாமிகிட்ட."

டாக்டர் தெலுங்குக்குப் போனார். அப்புறம் இங்கிலீஷுக்குப் போனார். அவள் அழுதாளே தவிர அசையவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புருஷன் கடல் தாண்டப் போகிறான், பெண்ணுக்குக் கால் இப்படி. இந்த நேரத்தில் சாமியைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

"சாமி உத்தரவு குடுத்தா சொல்லுவாங்க சார்" என்றாள் புஜ்ஜம்மா. "பூக்கட்டிப் பாத்துடலாம்."

"சீக்கிரம் பாரு!" என்று கத்தினார் டாக்டர்.

படத்தின் மேலிருந்த பூச்சரத்தில் ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்தாயிற்று. வெள்ளை வந்தால் சொல்லலாம், சிவப்பு வந்தால் கூடாது. கஸ்தூரி கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"ரெண்டாம் வாட்டி கெடையவே கெடையாதுன்னு நீங்கதானே சார் எல்லாருக்கும் சொன்னீங்க?" என்றாள் புஜ்ஜம்மா.

"மூணு தடவை பாப்போம். மூணுல ரெண்டு!"

சீமையில் படித்த ஆராய்ச்சியாளர் வாயிலிருந்து இது வந்ததை நான் காதாரக் கேட்டேன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொள்ளத் திரும்பினால், பவானி எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்கம்மாதான் சத்தியம் பண்ணுச்சி. நா பண்ணலியே. நா சொல்லட்டா?"

கஸ்தூரியின் கை அவள் வாயைப் பொத்தப் போனது. பாதி வழியில் நின்றது. படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"குவைத்துக்குப் போவுதுன்னு நைனாவ பாக்க எல்லாரும் வந்தாங்க. நா கட்டோட நடந்து நடந்து காட்டனேன். பின்னால ஒடஞ்சி பூட்ச்சி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அம்மா சொல்லிச்சி. ஊருக்கெல்லாம் ஊடு கட்றேன், எம்பொண்ணு காலுக்கு இத்த பூச முடியாதான்னு நைனா வெள்ள சிமெண்ட் கொழச்சி பூசுச்சி."

டாக்டர் குனிந்து, புண்ணின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கரணை வெச்சி நீட்டா பூசுச்சி. அப்பறம் சாக்கு சுத்தி, காலையிலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துச்சி. தண்ணி ஊத்தலன்னா வெடிப்பு உட்ருமாம். எரியுதுன்னு சொன்னேன். இறுகிச்சின்னா சரியாப் பூடும்னுச்சி."

புதுச் சுவருக்குக் கொத்தனார் என்ன செய்வாரோ அதைப் பெண்ணின் காலுக்கு ஒரு குறையும் வைக்காமல் செய்திருக்கிறார். ஈர சிமெண்ட் தோலை அரித்துக்கொண்டே போகும். ஊற்றின தண்ணீரெல்லாம் அதற்கு உதவி. ஊறவைத்தபோது மாவுக்கட்டு கரைந்திருக்கிறது, சிமெண்ட் கரையுமா? அது தோலோடு பிய்ந்து வந்திருக்கிறது.

டாக்டர் புண்ணை இன்னொரு முறை கழுவினார். பிறகு, "மணல் கலந்தாரா?" என்று கேட்டார்.

"மணலு போட்டா சொரசொரன்னு குத்தும்னு போடல" என்றாள் பவானி.

"நல்ல மனுஷன்" என்று முனகிவிட்டு எழுந்து, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

அன்றே சுத்தம் செய்து, ஒட்டியிருந்ததையெல்லாம் எடுத்தார்கள். நரம்பு தப்பியிருந்தது, மயிரிழையில். இன்னும் இரண்டு நாள் வீட்டோடு வைத்திருந்தால் தப்பியிருக்காது. டாக்டரே தினமும் வந்து கட்டுப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். சாமி படத்தைத் தன் கையாலேயே கழற்றி, துடைத்து, புஜ்ஜம்மாவிடம் கொடுத்து, "ஊருக்கு எடுத்துட்டுப் போம்மா. சாமி மேல தப்பில்ல" என்றார். கஸ்தூரி கடைசிவரை சத்தியத்தை மீறவில்லை. புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காணிப்பாக்கம் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள், திறந்த பிறகு மூடவே இல்லை.

ஆறுமுகம் மறுநாள் ஓடிவந்தார். வார்டுக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றார். குவைத்தும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இங்கேயே கிடக்கிறேன் என்று அழுதார். விசாவுக்காக வீட்டையே அடமானம் வைத்திருந்தார்கள். டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "நீ போய்யா. குதிகால் எறங்கினதும் நானே சொல்றேன். சத்தி..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஆறுமுகம் பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார், காலைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபப்பட வேண்டும் என்று ஆசைதான். வரவில்லை.

சாக்ஸைக் கழற்றிய குற்றத்துக்காக நான் மாடியிலிருந்து கீழே ஹாலுக்கு மாற்றப்பட்டேன். டாக்டர் அதைத் தண்டனை மாதிரியும் சொல்லவில்லை, பரிசு மாதிரியும் சொல்லவில்லை. என் இடத்துக்கு அசாமிலிருந்து ரூபாலி என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். அவளுக்குத் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. இனிமேல் அம்மாக்கள் எது வேண்டுமானாலும் பேசலாம் என்று உத்தரவு போட்டார். வலி, புண் என்றால் கீழே எங்களிடமும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மாக்கள் மாடிக்குப் போய்க் கட்டு, மொட்டை, மாமியார் எல்லாவற்றையும் கொட்டினார்கள். அவள் புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டே குழந்தையின் காலை அளந்தாள். "அந்தப் பொண்ணுதான் நாம சொல்றத பொறுமையா கேட்டுக்குது" என்று என்னிடமே சொன்னார்கள். பல வருஷம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு இது தேவைதான்.

பவானியின் புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. அவள் இப்போது ஆராய்ச்சிக் கணக்கில் இல்லை. ஆனாலும் டாக்டர் அவளை விடவில்லை. புண் ஆறிய தோல் இழுக்காமலிருக்க மெல்ல மெல்ல நீட்டினோம். ஆஸ்பத்திரிப் பட்டறையில் அவள் காலுக்கென்று, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சிம்பும், அதோடு போடத் தோல் பூட்ஸும் செய்து கொடுத்தார்கள். தினமும் காலில் நான், வாயில் அவள். ஒருநாள் எதையும் பிடிக்காமல் ஹாலின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனாள். இரண்டு குதிகாலும் இறங்கியிருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை ஆறுமுகம் ஆஸ்பத்திரி வாசல் எஸ்.டி.டி பூத்துக்குப் போன் செய்வதாக ஏற்பாடு. குவைத்தில் அன்றுதான் அவருக்கு லீவு. நான், கஸ்தூரி, பவானி மூவரும் போய் நின்றோம். டாக்டர் ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி வெளியே நின்று பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகை தமிழ். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

மணி அடித்தது. கஸ்தூரி எடுத்து, "எறங்கிட்ச்சி! ரெண்டும் எறங்கிட்ச்சி!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார். அவள் முகம் வாடியது. "நம்ப மாட்டேங்கறாரு மேடம்."

நான் வாங்கிப் பேசினேன். "உண்மைதான் ஆறுமுகம், நானே பார்த்தேன்."

"நீங்க நல்ல சேதிதான் மேடம் சொல்லுவீங்க" என்றார். "இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் ஊர்லருந்து நல்ல சேதியேதான் வரும். பக்கத்து ரூம்காரன் அம்மா செத்தத கூட அவனுக்கு ஆறு மாசம் சொல்லல. மனசு ஒடஞ்சி பூடக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றதுதானே."

பவானி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "போன கீழ வையி" என்றாள்.

வயர் எட்டவில்லை. பூத்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனை மொத்தமாகத் தூக்கித் தரையில் வைத்தார். ரிசீவரை சிமெண்ட் தரையில் படுக்கவைத்தோம். பவானி என் கையை உதறிவிட்டு நின்றாள். இடது காலைத் தூக்கி, பூட்ஸின் குதியை ஓங்கித் தரையில் வைத்தாள். டக்.

கஸ்தூரி மண்டிபோட்டு ரிசீவரைக் காதில் வைத்தாள். கேட்டாள். எங்களைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"ஒண்ணுதான் கேட்ச்சாம். நா பூசன காலு எங்கன்னு கேக்கறாரு."

பத்திரிகையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தார். கஸ்தூரியின் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, தரையில் உட்கார்ந்து, பவானியின் வலது குதிகாலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். பவானி மூச்சை இழுத்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கினாள்.